மாநில உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகுவது எப்படி: அமெரிக்கக் கோயில்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும்

அமெரிக்காவில் உள்நாட்டுப் பாதுகாப்பு என்றதும் நம்மவர்களில் பலருக்கு விசா, கிரீன் கார்டு, விமான நிலையச் சோதனை ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அவை மூன்றும் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி அரசின் பொறுப்புகள். ஒவ்வொரு மாநில அரசும் தனியே நடத்தும் உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகம் விசா வழங்குவதுமில்லை, குடிவரவு விண்ணப்பங்களைத் தீர்மானிப்பதுமில்லை. கோயிலையோ தமிழ்ச் சங்கத்தையோ வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியையோ நடத்தும் நிர்வாகக் குழு அறிந்து வைத்திருக்க வேண்டியது இந்த மாநில அலுவலகத்தைத்தான். கட்டடத்தின் பாதுகாப்புக்கெனக் கூட்டாட்சி அரசு ஒதுக்கும் மானியம் இதன் வழியாகவே வருகிறது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002 நவம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி 22 அரசு அமைப்புகளை ஒன்றிணைத்துக் கூட்டாட்சி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை உருவானது. அது 2003 மார்ச் 1 முதல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. அதே காலத்தில் மாநிலங்களும் தத்தம் ஏற்பாடுகளைச் செய்துகொண்டன. அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநில நிர்வாகத்தை நடத்துபவர். நம் ஊர் முதல்வரின் இடம் அவருடையது. அவர் உள்நாட்டுப் பாதுகாப்பு ஆலோசகர் ஒருவரை நியமிப்பதோடு, கூட்டாட்சி மானியத்தைப் பெற்றுப் பிரித்துக் கொடுக்க ஒரு நிர்வாக முகமையையும் குறிப்பிடுகிறார்.

இந்த அலுவலகத்தைக் காவல் நிலையம் என்று எண்ணி அணுகுபவர்கள் ஏமாற்றமடைவார்கள். காவல்துறை, தீயணைப்பு, பொது சுகாதாரம், பேரிடர் மேலாண்மை, மாவட்ட நிர்வாகங்கள் ஆகியவை ஒன்றோடொன்று பேசவும் ஒரே திட்டப்படி நடக்கவும் வழிசெய்வதே அதன் முதன்மையான வேலை. மாநிலம் எந்தெந்த அபாயங்களுக்கு ஆளாகக்கூடும் என்ற மதிப்பீடு, பயிற்சி, ஒத்திகை ஆகியவையும் அதன் பொறுப்பில் அடங்கும். எனினும் அதன் செல்வாக்கு பெரும்பாலும் பணத்திலிருந்தே வருகிறது என்பது என் கருத்து. மாநிலத்துக்கு வரும் உள்நாட்டுப் பாதுகாப்பு மானியத்தில் குறைந்தது 80 சதவீதத்தை 45 நாட்களுக்குள் உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒதுக்கியாக வேண்டும் என்பது விதி; அந்தப் பங்கீட்டை இந்த அலுவலகமே நடத்துகிறது.

ஆகவே முதல் வேலை, உங்கள் மாநிலத்தில் அந்த அலுவலகம் எந்தப் பெயரில், எந்தத் துறைக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இந்தியானாவிலும் அரிசோனாவிலும் தனித் துறையே உண்டு. நியூ ஜெர்சியில் 2006இல் உருவான உள்நாட்டுப் பாதுகாப்பு மற்றும் ஆயத்த அலுவலகமும், நியூயார்க்கில் 2010இல் உருவான உள்நாட்டுப் பாதுகாப்பு மற்றும் அவசரகாலச் சேவைகள் பிரிவும் இந்தப் பணியைச் செய்கின்றன. கலிஃபோர்னியாவில் ஆளுநரின் அவசரகாலச் சேவைகள் அலுவலகமே இதையும் சேர்த்துக் கவனிக்கிறது. டெக்ஸாஸில் மானியம் ஆளுநர் அலுவலகத்தின் பொதுப் பாதுகாப்புப் பிரிவு வழியாக வருகிறது. பெயரைத் தேடி அலைவதைவிட, கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமாவின் தளத்தில் மாநில நிர்வாக முகமைகளின் தொடர்புப் பட்டியலைப் பார்ப்பது எளிது. தொடர்பு கிடைத்ததும் அவர்களுடைய மின்னஞ்சல் பட்டியலில் சங்கத்தின் பொது முகவரியைச் சேர்த்துவிடுங்கள். தனிநபர் முகவரியைக் கொடுத்தால், செயலாளர் மாறும்போது அறிவிப்புகளும் அவரோடு போய்விடும்.

சந்தேகத்துக்கிடமான நடவடிக்கையைத் தெரிவிப்பதற்கும் இதே அலுவலகம் வழிகாட்டும். கண்ணெதிரே ஆபத்து இருந்தால் 911ஐ அழைப்பதைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். உடனடி ஆபத்து இல்லாதபோது, உள்ளூர் காவல்துறைக்கோ மாநிலத்தின் தகவல் எண்ணுக்கோ சொல்லலாம். அது ஃபியூஷன் சென்டர் எனப்படும் தகவல் ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போய்ச் சேரும். நாடெங்கும் இத்தகைய மையங்கள் சுமார் 80 உள்ளன. சொல்லும்போது ஆளின் நிறத்தையும் மதத்தையும் உடையையும் காரணமாக்காமல், அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். “யாரோ ஒரு மாதிரியான ஆள் சுற்றிக்கொண்டிருந்தார்” என்பதால் யாருக்கும் பயனில்லை. “வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குச் சாம்பல் நிற வேனில் வந்தவர், தரிசனத்துக்கு வராமல், பின்வாசல் பூட்டையும் இரண்டு கேமராக்களையும் அருகில் சென்று படமெடுத்தார், மறுநாளும் அதே நேரத்தில் வந்தார்” என்பது பயன்படும் தகவல். இந்த மையங்களின் அறிக்கைகள் தரம் குறைந்தவை என்றும், சில சமயம் குடிமக்களின் உரிமைகளை மீறுபவை என்றும் 2012இல் அமெரிக்க செனட் துணைக்குழு ஒன்று கடுமையாகக் குறை கூறியது. நிறமும் பெயரும் காரணமாகத் தாங்களே சந்தேகிக்கப்படக்கூடிய ஒரு சமூகம், பிறர் மீது தகவல் கொடுக்கும்போது இன்னும் நிதானமாக இருப்பது நல்லது.

இனி மானியத்துக்கு வருவோம். இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான பாதுகாப்பு மானியத் திட்டத்தை ஃபெமா நடத்தினாலும், கோயிலோ சங்கமோ ஃபெமாவுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. மாநில முகமைக்கே விண்ணப்பிக்க வேண்டும். கூட்டாட்சி வருமானவரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளே தகுதியுடையவை. 2024 நிதியாண்டின் வழக்கமான அறிவிப்பில் ஓர் இடத்துக்கு அதிகபட்சமாக ஒன்றரை லட்சம் டாலர் வரை கேட்க முடிந்தது. வரம்பும் நிபந்தனைகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுமையாகப் படிக்காமல் பழைய விண்ணப்பத்தை நகலெடுத்து அனுப்பக் கூடாது. மாநிலம் தன் பரிசீலனையை முடித்துவிட்டு ஃபெமாவுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், மாநிலத்தின் கடைசித் தேதி கூட்டாட்சித் தேதிக்கு முன்பே வந்துவிடும். பெரும்பாலும் சில வாரங்களே கிடைக்கும். அறிவிப்பு வந்தபின் தொடங்கினால் போதாது என்பது இதனால்தான்.

முன்கூட்டியே முடித்து வைக்க வேண்டியவை மூன்று. கூட்டாட்சி அரசின் சாம் டாட் கவ் (SAM.gov) தளத்தில், அமைப்பை அடையாளம் காட்டும் தனி எண்ணான யூ.இ.ஐ. (UEI) எண்ணைப் பெற வேண்டும். அது இலவசம், எனவே கட்டணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அமைப்பின் நோக்க அறிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதான பாதுகாப்புக் குறை மதிப்பீடுதான் விண்ணப்பத்தின் உயிர். சிசா என்ற கூட்டாட்சி முகமையின் பாதுகாப்பு ஆலோசகர்கள் கட்டணமின்றி நேரில் வந்து கட்டடத்தைப் பார்த்துக் குறைகளைச் சொல்வார்கள். அவர்களிடம் நேரம் கிடைக்கத் தாமதமானால் உள்ளூர் காவல்துறையின் மதிப்பீட்டையும் பயன்படுத்தலாம்.

விண்ணப்பத்தில் அச்சுறுத்தல், குறைபாடு, விளைவு, தீர்வு ஆகிய நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்க வேண்டும். அச்சுறுத்தல் பகுதியில், வந்த மிரட்டல் கடிதம், சுவரில் எழுதப்பட்ட வசை, காவல்துறையின் புகார் எண் போன்ற ஆதாரங்களை முதலில் வைத்து, பின்னர் ஒத்த அமைப்புகளுக்கு நேர்ந்ததைக் குறிப்பிடலாம். 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சின் மாநிலம் ஓக் க்ரீக்கில் சீக்கிய குருத்வாராவில் நடந்த துப்பாக்கிச் சூடு அத்தகையது. குறைபாடு பகுதியில் “கோயிலுக்குக் கேமரா தேவை” என்று எழுதுவதால் மதிப்பெண் கிடைக்காது. வாகன நிறுத்துமிடத்திலிருந்து மடைப்பள்ளிக்கு வரும் கதவு, சாமான் இறக்குவதற்காக விழா நாட்களில் நாள் முழுவதும் திறந்தே கிடக்கிறது, அந்தக் கதவை எந்தக் கேமராவும் பார்ப்பதில்லை, அதைக் கடந்தால் நேரே குழந்தைகள் அமரும் கூடம் என்று எழுதினால், மின்பூட்டுக்கும் கேமராவுக்கும் கேட்கும் தொகை தானே நியாயமாகிவிடுகிறது. வாகனம் மோதி நுழையாதபடி நடப்படும் தூண்கள், வேலி, வலுவான கதவுகள், ஒப்பந்தக் காவலர்கள், பயிற்சி ஆகியவற்றுக்கும் கேட்கலாம்.

மானியம் கிடைத்தபின்தான் பல குழுக்கள் இடறுகின்றன. பொதுவாக, முதலில் நீங்கள் செலவழித்து, பில்லைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்பதால், கையிருப்போ கடன் ஏற்பாடோ இல்லாத சங்கம் தொகையைக் குறைத்தே கேட்பது நல்லது. சுவரில் துளையிடுவது, தூண் நடுவது போன்ற வேலைகளுக்குச் சுற்றுச்சூழல் மற்றும் வரலாற்றுப் பாதுகாப்பு ஆய்வில் ஒப்புதல் வந்தாக வேண்டும். நன்கொடையாளர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக அதற்கு முன் வேலையைத் தொடங்கினால் அந்தச் செலவு திரும்பக் கிடைக்காமல் போகலாம். வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண், விலை, பொருத்திய இடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, விலைப்புள்ளிகளோடும் ரசீதுகளோடும் இறுதி நிதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மாநில அலுவலகத்தின் ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டையே.