பைத்தானில் சரங்களுக்கு யூனிட் டெஸ்ட்: தவறான உள்ளீட்டையும் சோதிக்கும் முறை

நீண்ட தலைப்பை வெட்டி, அதன் முன்பகுதியை மட்டும் தரும் ‘சுருக்கு’ என்ற ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். ஒரு சரத்தையும் (string, எழுத்துகளின் வரிசை) ஓர் எண்ணையும் வாங்கி, அந்த எண் வரை ஸ்லைஸ் செய்து, அதாவது வெட்டி எடுத்து, தருவதே அதன் வேலை.

இதற்கு யூனிட் டெஸ்ட், அதாவது ஃபங்ஷனைத் தனியே சோதிக்கும் சிறு நிரல், எழுத, பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் (unittest) மாட்யூலின் டெஸ்ட்கேஸிலிருந்து (TestCase) ஒரு கிளாஸை உருவாக்கி, ‘டெஸ்ட்’ (test) என்று பெயர் தொடங்கும் மெத்தடுகளை அதில் எழுத வேண்டும். சரியான உள்ளீட்டுக்கு, வந்த விடையும் எதிர்பார்த்த விடையும் ஒன்றா என்று பார்க்கும் அசெர்ட்ஈக்வல் (assertEqual) போதும். வெற்றுச் சரத்தையும் 0 என்ற எண்ணையும் மறக்க வேண்டாம். ஆங்கிலச் சொற்களோடு நிறுத்திவிடுவதும் சரியன்று. ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து, இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் பைத்தானின் கணக்கில் 5. அதை 4இல் வெட்டினால் புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ என்று நிற்கும்.

எண்ணுக்குப் பதிலாகச் சரம் வந்தால் பைத்தானே டைப்எரர் (TypeError, தவறான வகை மதிப்பு என்னும் பிழை) எழுப்பிவிடும். சத்தமில்லாமல் நுழைபவையே உண்மையான தொல்லை. -2 கொடுத்தால் கடைசி இரண்டை நீக்கி ‘தமி’ வரும். ‘நன்’ (None, மதிப்பு எதுவும் இல்லை என்பதன் குறி) கொடுத்தால் முழுச் சரமும் வரும். ‘ட்ரூ’ (True, உண்மை) கொடுத்தால் அதை 1 என்று கொண்டு ‘த’ மட்டும் வரும். ஆகவே ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே, முழு எண் அல்லாதவற்றுக்கும் பூலியன்களுக்கும் (உண்மை, பொய் என்னும் மதிப்புகள்) டைப்எரரையும், 0க்குக் குறைந்தவற்றுக்கு வேல்யூஎரரையும் (ValueError, வகை சரி, மதிப்பு தவறு என்னும் பிழை) நாமே எழுப்ப வேண்டும்.

இவற்றைச் சோதிக்க, எதிர்பார்த்த பிழை எழுகிறதா என்று பார்க்கும் அசெர்ட்ரெய்சஸ் (assertRaises) உண்டு. அதனிடம் எதிர்பார்க்கும் பிழையையும் ஃபங்ஷனின் பெயரையும் உள்ளீடுகளையும் காற்புள்ளியிட்டுத் தனித்தனியே தர வேண்டும். பழக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அங்கேயே அழைத்துவிட்டால், அது எழுப்பும் பிழை அசெர்ட்ரெய்சஸின் கைக்கு எட்டாமல் டெஸ்டையே முறித்துவிடும். இதைவிட மோசமான நிலையும் உண்டு: நாம் டைப்எரரை எதிர்பார்த்திருக்க, ஃபங்ஷன் பிழை எழுப்பாமல் ஒரு சரத்தைத் திருப்பினால், அசெர்ட்ரெய்சஸ் அந்தச் சரத்தை ஃபங்ஷன் என்று எண்ணி அழைக்கும், அழைக்க முடியாத பொருள் என்று அதனால் எழும் டைப்எரரையே நாம் கேட்ட பிழையாக எடுத்துக்கொண்டு டெஸ்ட் ‘பாஸ்’ ஆகிவிடும்.

இந்த வலையில் விழாதிருக்க, அசெர்ட்ரெய்சஸை ‘வித்’ (with) கூற்றோடு தொடங்கி, ஃபங்ஷனை அதன் உள்ளே அழைத்து எழுதுவதையே நான் விரும்புகிறேன். அதன் உள்ளே ஓர் அழைப்பு மட்டுமே இருக்கட்டும், ஏனெனில் பிழை எழுந்த வரிக்குக் கீழுள்ளவை ஓடுவதில்லை. எழுதி முடித்ததும், ஃபங்ஷனில் சேர்த்த சரிபார்ப்பு வரியைச் சற்று நேரம் நீக்கிவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் டெஸ்ட் தேறினால், திருத்த வேண்டியது டெஸ்டைத்தான்.