மாதம் ஒருமுறை ஏற்காடு போகும் காருக்கு எந்த பேட்டரி?

பேட்டரி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் இந்த விஷயத்தில் நான் முதலில் சொல்ல விரும்புவது. சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுத் தகரக் கொட்டகையில் உறை போர்த்தி நிற்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் மாதத்துக்கு ஒருமுறை ஏற்காடு வரை போய்த் திரும்புவதோடு சரி. மழை மாதங்களில் அதுவும் இல்லை. நான்கு ஆண்டுகளில் அதற்கு இரண்டு பேட்டரிகளை மாற்றி, மூன்றாவதும் செல்ஃப் எடுக்காமல் நின்ற காலையில்தான் எனக்கு அளந்து பார்க்கும் புத்தி வந்தது. பேட்டரிகள் மீது குற்றமில்லை. திருட்டுக்குப் பயந்து நானே பணம் கொடுத்துப் பொருத்திக்கொண்ட ஜிபிஎஸ் கருவி இரவும் பகலும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

நிற்கும் காரின் பேட்டரி இரண்டு வழிகளில் வடிகிறது. பூட்டி வைத்த காரிலும் அலாரம், ரிமோட் சாவியின் ரிசீவர், கடிகாரம், கணினிகளின் நினைவகம் ஆகியவை கொஞ்சம் மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் அது இயல்பு. 25 மில்லி ஆம்பியர் என்பது கேட்பதற்கு அற்பமாக இருந்தாலும், நாளுக்கு 0.6 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி; பேட்டரியின் கொள்ளளவையும் இதில்தான் சொல்வார்கள்), மாதத்துக்கு 18 ஆம்பியர்-மணி என்று அது கூடிவிடும். என் காரில் ஜிபிஎஸ் கருவியும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் ஓடியது. அந்தக் கணக்கில் 70 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று முப்பது நாளுக்குள் முழுவதுமாகக் காலியாகிவிடும். இரண்டாவது வழி, எதனோடும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரி தனக்குள்ளேயே சார்ஜை இழப்பது. இது வெப்பத்தைப் பொறுத்தது. ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் இந்த இழப்பு இரட்டிக்கிறது. ஆகவே சித்திரை வெயிலில் சேலத்துத் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் காருக்கும், 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டு எஸ்டேட் வீட்டு நிழலில் நிற்கும் காருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

வடிந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஈய-அமில பேட்டரியின் இயல்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. சார்ஜ் இறங்கும்போது தட்டுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும், வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டியான படிகமாக இறுகிவிடும், பிறகு எந்த சார்ஜரும் அதை முழுமையாக மீட்காது. ஓடாத காரின் பேட்டரியைக் கொல்வது இந்த அரைகுறை சார்ஜ்தான். பேட்டரியைத் தேர்வதிலும் பராமரிப்பதிலும் நாம் செய்வதெல்லாம் அதை எப்போதும் நிறைவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பதற்கான ஏற்பாடுதான்.

கார் நிற்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்பதை அளக்கும் விதம் இது. பேட்டரி இருக்கும் அறையின் மூடியைத் திறந்து, அதன் பூட்டை ஸ்குரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, மூடி சாத்தியிருப்பதாகக் காரை நம்பவையுங்கள். காரைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, கணினிகள் உறங்க அரை மணி முதல் முக்கால் மணி வரை பொறுத்திருங்கள். மீட்டரை 10 ஆம்பியர் அளவுக்கு மாற்றி, அதன் ஒரு முனையை நெகட்டிவ் கம்பியின் கிளாம்பிலும் மற்றொன்றை நெகட்டிவ் டெர்மினலிலும் பிடித்தபடி, தொடர்பு அறுபடாமல் கிளாம்பை மெதுவாகக் கழற்றினால், மின்சாரம் மீட்டர் வழியாக ஓடும் அளவு தெரியும். இந்த நிலையில் கதவைத் திறப்பதோ ஸ்டார்ட் செய்வதோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அளவு 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், முதலில் வெளியே பொருத்திய கருவிகளைச் சந்தேகியுங்கள். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை எடுக்கும்போது அளவு இறங்குகிறது என்று கண்டுபிடிக்கலாம். நான் ஜிபிஎஸ் கருவியைக் கழற்றி எறிந்த பின் என் காரில் 22 என்று காட்டியது.

இனி தேர்வு. கடைக்காரர்கள் முதலில் காட்டும் எண் சிசிஏ எனப்படும் குளிர் ஸ்டார்ட் திறன். அது மைனஸ் 18 டிகிரி குளிரில் அளக்கப்படுவது. மார்கழி அதிகாலையில்கூட ஏற்காட்டில் அப்படியொரு குளிரை யாரும் கண்டதில்லை. கார் நிறுவனம் சொன்ன அளவு இருந்தால் போதும், அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நம் ஊரில் பேட்டரியின் பகை வெப்பம். 25 டிகிரியில் ஐந்தாண்டு உழைக்கும் பேட்டரி 35 டிகிரியில் அதில் பாதியைத்தான் எட்டும் என்பது இத்தொழிலில் புழங்கும் பொதுக் கணக்கு.

வகையில் மூன்று உண்டு. தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரி விலை குறைவு. ஆனால் சும்மா இருக்கும்போது அதிகம் வடியும். கண்ணாடி இழைப் பாயில் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் பேட்டரி ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விலையானாலும், மெதுவாக வடியும், அதிர்வைத் தாங்கும், கவிழ்ந்தாலும் சிந்தாது. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் எடைச் சமநிலைக்காகப் பேட்டரியை எஞ்சினை விட்டுத் தள்ளி வைத்திருப்பார்கள். பிஎம்டபிள்யூ இசட்4 காரில் அது பின் டிக்கியிலும், போர்ஷே பாக்ஸ்டரில் முன் மூடிக்கு அடியிலும் இருக்கிறது. மூடிய இடத்தில் இருக்கும் பேட்டரிக்கு, வாயு வெளியேறும் சிறு குழாய் பொருந்தும் துளை கட்டாயம் வேண்டும். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது. பழைய பேட்டரியிலிருந்த குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, துளையே இல்லாத புதியதை மாட்டி அனுப்பிய ஒரு கடையை நான் அறிவேன். அன்றிலிருந்து குழாயைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை.

மூன்றாவது வகை லித்தியம். போர்ஷே நிறுவனம் 911 ஜிடி3 போன்ற கார்களுக்கு 2010 வாக்கில் இதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. 60 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைவிட அது 10 கிலோவுக்கு மேல் எடை குறைவு, கொள்ளளவு 18 ஆம்பியர்-மணி. ஸ்டார்ட் செய்யும் வலுவில் அது எதற்கும் குறைந்ததல்ல. ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: 25 மில்லி ஆம்பியர் குடிக்கும் கார் மாதத்துக்கு எடுப்பது சரியாக 18 ஆம்பியர்-மணி. பந்தயத் தடத்தில் நொடிகளை எண்ணுபவருக்கு ஏற்ற அந்த பேட்டரி, சேலத்துக் கொட்டகையில் ஒரே மாதத்தில் சுழியமாகிவிடும். பத்துக் கிலோ குறைந்த கார் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் எவ்வளவு துள்ளலாக ஏறும் என்று எனக்கும் ஆசை உண்டு. என் வயிற்றைக் குறைத்தாலே அது கிடைத்துவிடும் என்பதால் ஏஜிஎம்மிலேயே நின்றுவிட்டேன்.

அளவில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஐரோப்பியக் கார்களில் பொதுவாக வரும் எல்2 அளவு 242 மில்லிமீட்டர் நீளம், எல்3 அளவு 278. பேட்டரியின் அடியைப் பிடிக்கும் கிளாம்ப் இறுகாவிட்டால் அடிவாரத்திலிருந்து மேலே வரை உள்ள இருபது வளைவுகளிலும் அது ஆடும், தட்டுகள் உதிரும். பாசிட்டிவ் டெர்மினல் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். உற்பத்தி மாதத்தைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் அலமாரியில் இருந்ததை வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கேயே மீட்டரை வைத்து அளந்து, 12.6 வோல்ட்டுக்குக் குறைந்தால் வேறொன்றைக் கேளுங்கள். ஏஜிஎம் என்றால் 12.8 இருக்க வேண்டும். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் நிலையைக் கணினி கண்காணிக்கும் கார்களில், புதியதை மாட்டிய பின் அதைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் பழையதுக்கு ஏற்றபடியே சார்ஜ் ஏற்றிப் புதியதைக் கெடுக்கும்.

பராமரிப்பில் நம் ஊரில் பரவலாக இருக்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "வாராவாரம் ஒருக்கா ஸ்டார்ட் போட்டு அஞ்சு நிமிஷம் உட்டர்றேன் சார்" என்று எங்கள் காவலாளி அக்கறையோடு செய்துகொண்டிருந்தார். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரம் மிகக் குறைவு, அதை ஐந்து நிமிடம் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வாரம் முழுக்க வடிந்த நான்கைந்து ஆம்பியர்-மணியை, எஞ்சின் மெதுவாக ஓடும்போது, அதன் சுழற்சியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தரும் சொற்ப மிச்சம் ஈடுகட்டாது. போதாததற்கு, சூடேறாத எஞ்சினில் ஈரம் சேர்ந்து ஆயிலையும் கெடுக்கும். ஓட்டினால் முழுதாக ஓட்டுங்கள். சேலத்திலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு ஏறி இறங்குவதில் இரண்டு மணி நேரம் எஞ்சின் நல்ல வேகத்தில் சுழலும், அது பேட்டரிக்கு நல்லது. அதுவும்கூடக் கடைசிப் பத்து சதவீதத்தை நிரப்பாது. ஈய பேட்டரி அந்தக் கடைசிப் பங்கை வாங்கிக்கொள்ளப் பல மணி நேரம் எடுக்கும்.

அந்த வேலைக்குத்தான் பராமரிப்பு சார்ஜர் எனப்படும் சிறு கருவி. 60, 70 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 3 முதல் 5 ஆம்பியர் வரை தரும் சார்ஜர் போதும். நிறைந்ததும் தானாக 13.6 வோல்ட் அளவுக்கு இறங்கி அங்கேயே நிற்கும் வகையாக அது இருக்க வேண்டும். லாரிப் பட்டறைகளில் கிடைக்கும் குயிக் சார்ஜர் ஏஜிஎம் பேட்டரியைக் கொதிக்கவைத்து உலர்த்திவிடும், உலர்ந்ததற்குத் தண்ணீர் ஊற்ற வழியில்லை. சேலத்துக்கென்று இரண்டு தகுதிகளைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஒன்று, வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டேஜைக் குறைக்கும் வசதி. 25 டிகிரியில் சரியாக இருக்கும் 13.6 வோல்ட், 40 டிகிரிக் கொட்டகையில் அதிகம், அங்கே 13.2 அல்லது 13.3 போதும். வெப்ப உணரி இல்லாத சார்ஜர் வைத்திருப்பவர்கள் கோடையில் அதை நிரந்தரமாக மாட்டாமல், வாரம் ஓரிரவு மட்டும் மாட்டலாம். இரண்டு, கரண்ட் போய் வந்தால் தானாக மீண்டும் வேலை செய்யும் நினைவு. பொத்தானை அழுத்தினால்தான் மறுபடி ஓடும் சார்ஜர், முதல் மின்வெட்டோடு உறங்கிவிடும். நீங்கள் மாதக் கடைசியில் வந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

சார்ஜரின் பாசிட்டிவ் கிளிப்பை முதலிலும், நெகட்டிவை அடுத்ததாகக் காரின் உடலில் உள்ள எர்த் போல்ட்டிலும் மாட்டுங்கள். நெகட்டிவ் டெர்மினலில் உணரி உள்ள கார்களில் நேராக டெர்மினலில் மாட்டினால் கணினியின் கணக்கு பிசகும். ஏற்காட்டில் வைத்திருப்பவர்களுக்கு வெப்பத் தொல்லை இல்லை. பதிலாக ஐப்பசி, கார்த்திகையில் இடியும் ஈரமும் உண்டு. சார்ஜருக்கு முன்னால் மின்னல் தடுப்பு உள்ள பிளக் பாயின்ட் வைத்து, டெர்மினல்களில் வேஸ்லின் தடவி வையுங்கள். பச்சை பூத்த டெர்மினலை வெந்நீரும் சோடா உப்பும் கொண்டு கழுவலாம்.

மின் இணைப்பே இல்லாத அபார்ட்மென்ட் பார்க்கிங் என்றால், சங்ககிரி லாரிக்காரர்களின் வழியைக் கடன் வாங்கி நெகட்டிவ் பக்கம் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிடுங்கள். அலாரம் வேலை செய்யாது, ஜன்னல் கண்ணாடிகள் எதுவரை ஏற வேண்டும் என்பது காருக்கு மறந்துபோகும், ஆனால் பேட்டரி தப்பிக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் நிறைத்து வரவேண்டும். பேட்டரி அறையின் மூடி மின்சாரப் பூட்டால் திறப்பது என்றால், சுவிட்சைத் தட்டிவிட்டு அதை முழுவதும் சாத்திவிடாதீர்கள். அப்படிச் சாத்திவிட்டவர்களுக்காகச் சில கார்களின் ஃபியூஸ் பெட்டியில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க ஒரு முனை இருக்கும். அது எங்கே என்று இன்றைக்கே கையேட்டில் பார்த்து வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருநாள் வழியில் நின்றுவிட்டால், உதவிக்கு வரும் லாரியிலிருந்து ஜம்ப் எடுக்காதீர்கள். லாரி 24 வோல்ட், உங்கள் கார் 12. ஒரு நொடியில் கணினிகள் கருகும். இன்னொரு கார் வரும்வரை அடிவாரத்தில் டீ குடித்துக் காத்திருக்கலாம். ஏற்றம் முடிந்து இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவதும் வேண்டாம். பிரேக்கின் உதவி போய்விடும், ஸ்டியரிங் கனக்கும். வீடு வந்ததும் ஓரிரவு விட்டு மறுநாள் காலை மீட்டரை வைத்துப் பாருங்கள். ஏஜிஎம்மில் 12.7க்கு மேல் என்றால் உறையைப் போர்த்துங்கள், 12.4 என்றால் அன்றைக்கே சார்ஜரை மாட்டுங்கள்.