உருஷி வேலை: கையுறை போட்டும் அரிப்பது ஏன்?

உடைந்த பாத்திரங்களை உருஷி என்ற ஜப்பானிய மரப்பாலால் ஒட்டிப் பொன்தூள் தூவும் கலை கின்சுகி. அதைப் பழகத் தொடங்கிய புதிதில் எனக்குத் தடிப்பு வந்தது விரலில் அல்ல, வலது காதுக்குக் கீழே. உடைந்த கிண்ணத்தை ஒட்டியது சனிக்கிழமை. அரிப்பு ஆரம்பித்தது திங்கள் காலை. இடையில் ஞாயிற்றுக்கிழமை இறால் சாப்பிட்டிருந்தேன், பழியை அதன் தலையில் போட்டுவிட்டேன். வேலைக்கு நடுவே கையுறையோடு கைபேசியை எடுத்தது நினைவுக்கு வர இன்னும் மூன்று நாள் ஆனது. உருஷியால் வரும் தொல்லைகளில் பாதி இப்படித்தான்: தொட்டது ஒரு நாள், தெரிவது வேறொரு நாள்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. தமிழில் இதை ஜப்பானிய அரக்கு என்கிறோம். சன்னபட்டணத்து பொம்மைகளில் பூசுகிற அரக்கு, ஒரு பூச்சி சுரக்கும் பிசின். உருஷியோ மரத்தின் பால். ஜப்பானின் இவாத்தே மாகாணத்தின் ஜோபோஜி பகுதியில் பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தைக் கோடைமுழுக்கக் கீறினாலும் சுமார் 200 கிராம்தான் கிடைக்கும். அந்த மரத்தின் உறவுக்காரர்கள் யார் தெரியுமா? மா, முந்திரி, சேராங்கொட்டை. வண்ணார் துணியில் குறிபோடப் பயன்படுத்திய சேராங்கொட்டைச் சாறு, உடுத்தியவர் கழுத்தில் புண்ணாக்கிய கதை பழைய மருத்துவ நூல்களிலேயே உண்டு. மாங்காய்ப்பால் பட்டால் வாயோரம் வெந்துபோகிறவர்கள் உருஷியிடம் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. ‘இயற்கைப் பொருள்தானே’ என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

பாலில் உள்ள உருஷியோல் என்ற எண்ணெய்ப் பொருள்தான் வினை. அது தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அன்னியன் என்று அடையாளம் கண்டு தாக்குகின்றன. முதல் முறை அந்த அடையாளம் பதியவே ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். பதிந்தபின், அடுத்த முறை பட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தடிப்பு எழும். ஆகவே ‘போன மாதம் தொட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது எதற்கும் சாட்சி அல்ல. இதைவிட மோசம், ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டை மணிக்கட்டில் தடவிப் பார்ப்பது. அந்தச் சொட்டே உடம்புக்கு உருஷியை அறிமுகப்படுத்திவிடும்.

கையுறைக்கு வருவோம். சாதாரண ரப்பர் கையுறையை உருஷியோல் ஊடுருவிவிடும், நைட்ரைல்தான் வேண்டும். அதுவும் மெல்லியது, கறை பட்டதும் மாற்றவேண்டும். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே தெரியும் அந்த இரண்டு விரல் அகலத் தோல்தான் பலருக்கு முதலில் வீங்குகிறது, அங்கே ஒரு ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுங்கள். ஆனால் என் அனுபவத்தில் கையுறையின் பெரிய ஆபத்து அது தரும் தைரியம். கறைபட்ட கையுறையோடு குழாயைத் திறப்போம், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வோம். கழற்றிய பிறகு அதே குழாயை வெறுங்கையால் தொடுவோம், அப்புறம் அதே கையால் கண்ணைக் கசக்குவோம். கழிப்பறைக்குப் போவதற்கு முன் கை கழுவுவது, போன பிறகு கழுவுவதைவிட முக்கியமாகிற வேலை இது.

தோலில் பட்டுவிட்டால் நேராகத் தண்ணீருக்கு ஓடாதீர்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது, பரவத்தான் செய்யும். சமையல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, தேய்க்காமல் துடைத்தெடுங்கள். தாளை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை துடைத்தபின் சோப்பு. டர்பன்டைன் கருவிகளுக்கு, கைக்கல்ல. கறுப்புக் கறை மிஞ்சினால் விட்டுவிடுங்கள், சில நாளில் தானே உதிரும். அதைச் சுரண்டியே புண்ணாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

‘காய்தல்’ என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். உருஷி துணியைப்போல ஈரம் போய்க் காய்வதில்லை. அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதி, காற்றின் ஆக்சிஜனைக்கொண்டு உருஷியோலைப் பின்னி இறுக வைக்கிறது. அதற்கு 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும். அதனால்தான் பூசிய பொருளை முரோ என்ற ஈரப்பெட்டியில் வைக்கிறார்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலிலோ முடி உலர்த்தியின் முன்னோ வைத்தால் பிசுபிசுவென்று நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். அப்படிக் கிடக்கிறவரை அது ஆபத்து. முரோவில் வைத்ததும் ஒரு நாளில் தொடக்கூடிய பதம் வரலாம், முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். முற்றிலும் இறுகிய கிண்ணத்தில் சூப் குடிப்பதில் பயமில்லை. அரைகுறையாய் இறுகியதை உலர்வாக உப்புத்தாளால் தேய்ப்பதுதான் வம்பு: தூள் கண்ணிமையிலும் கழுத்திலும் போய் உட்காரும். தண்ணீர் விட்டே தேயுங்கள், முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். துடைத்த தாள்களைக் கொளுத்தவே கூடாது, புகையோடு நுரையீரலுக்குள் போகும்.

ஜப்பானில் இந்தத் தடிப்புக்கு உருஷி-கபுரே என்று பெயர். பல ஆண்டு பழகிய கைவினைஞர்கள் சிலருக்கு அது குறைந்துபோவது உண்மைதான். சிலருக்குக் கடைசிவரை குறைவதில்லை. நீங்கள் எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, வேண்டுமென்றே பட்டுப் பழக்கிக்கொள்ளும் வீரம் வேண்டாம். ஒருமுறை கடுமையாக வந்தவர்கள் எப்பாக்ஸி பசையால் செய்யும் கின்சுகிக்கு மாறிவிடலாம். அதில் உணவு பரிமாறுவதை மட்டும் தவிர்க்கவேண்டும்.

வந்தேவிட்டதா? கொப்புள நீர் தடிப்பை மற்ற இடத்துக்குப் பரப்பாது. மெல்லிய தோலில் முன்னும் தடித்த தோலில் பின்னும் எழுவதால் பரவுவதுபோலத் தோன்றும். தினம் புதிய இடத்தில் வந்தால் கழுவாத தூரிகையையும் மேசை விளிம்பையும் சந்தேகியுங்கள். குளிர்ந்த ஈரத்துணி, கேலமைன் லோஷன் போதும் என்ற நிலையில் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். முகம், கண், பிறப்புறுப்பு வீங்கினாலோ கொப்புளம் சீழ்பிடித்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சு திணறினால் நேராக அவசரப் பிரிவுக்கு. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்பார். முந்தாநாள் என்ன தொட்டீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.