‘சரவுண்ட்’: நம்ம ஊர் தண்ணீரை வைத்தே ஒரு வினைச்சொல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் வடியாமல் வரப்பும் முழுகி, வாசல்படிவரை வந்து நிற்பதைத் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் பார்க்காதவர் குறைவு. ‘வெள்ளம் சூழ்ந்தது’ என்போம். ஆங்கிலத்தில் அந்தச் ‘சூழ்’தான் ‘சரவுண்ட்’.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல் பிறந்ததே தண்ணீரில். லத்தீனில் ‘உண்டா’ என்றால் அலை, ‘சூப்பர்’ என்றால் மேலே. கரை மீறிப் பொங்குவதுதான் பழைய பொருள். காதில் ‘ரவுண்ட்’ என்று விழவே, வட்டத்தோடு உறவு கொண்டாடி, 17ஆம் நூற்றாண்டில் ‘நாலாபுறமும் சூழ்வது’ என்று ஆகிவிட்டது.

படி 1: ஒரு தாளில் ஸ்ரீரங்கத்தை வரையுங்கள். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே தீவு. பக்கத்தில் எழுதுங்கள்: ‘டூ ரிவர்ஸ் சரவுண்ட் ஸ்ரீரங்கம்.’ சூழ்வது முன்னால், சூழப்படுவது பின்னால். தமிழில் ‘ஸ்ரீரங்கத்தைச் சுற்றி’ என்று சொல்லிப் பழகிய கை, இடையில் ‘அரவுண்ட்’ போடப் பார்க்கும். போடாதீர்கள்.

படி 2: இப்போது திருப்புங்கள். ‘ஸ்ரீரங்கம் இஸ் சரவுண்டட் பை டூ ரிவர்ஸ்.’ பேச்சிலும் எழுத்திலும் அதிகம் பார்ப்பது இந்த வடிவத்தைத்தான். ‘பை’ மறக்கக் கூடாது.

படி 3: நம் ஆட்கள் சறுக்கும் இடம் இது, நானும் வருஷக்கணக்கில் தப்பாகவே எழுதினேன். ‘ஊரைச் சுற்றி வயல் இருக்கிறது’ என்பதை ‘ஃபீல்ட்ஸ் ஆர் சரவுண்டிங் அவர் வில்லேஜ்’ என்று எழுதிவிடுகிறோம். வயல் எங்கேயும் நகரவில்லை, அப்படியே கிடக்கிறது. அதனால் ‘ஃபீல்ட்ஸ் சரவுண்ட் அவர் வில்லேஜ்’ போதும். ஆட்கள் ஓடிவந்து பஸ்ஸை மொய்த்துக்கொண்டிருந்தால் மட்டும் ‘பீப்பிள் ஆர் சரவுண்டிங் த பஸ்’ சரி.

அப்புறம், சுற்றுப்புறத்துக்குச் ‘சரவுண்டிங்ஸ்’. கடைசி ‘ஸ்’ கட்டாயம். கட்டியணைப்பதற்குச் ‘சரவுண்ட்’ உதவாது, அதற்கு ‘எம்ப்ரேஸ்’. கையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ‘பிரேஸ்லெட்’ என்ற சொல்லுக்கு உறவுக்காரி.

பயிற்சி: அரங்கன் சன்னதியைச் சுற்றி ஏழு மதில்கள். இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள். ‘செவன் வால்ஸ் ஆர் சரவுண்டிங்’ என்று வந்துவிட்டதா? மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.