ஏற்காடு ஏரியில் மங்கிய வாலாட்டிப் படங்கள்

ஐப்பசிக்குள் சாம்பல் வாலாட்டிக் குருவிகள் இமயமலைப் பக்கமிருந்து வந்துவிடும். சேலத்திலிருந்து விடிகாலையில் பைக்கில் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏரிக்கரையில் 400 மி.மீ. லென்ஸோடு உட்கார்ந்தேன். எடுத்த படமெல்லாம் மங்கல். கை ஆடியது போல இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தது போல இறகின் ஓரம் நெளிந்திருந்தது. டீ, பஜ்ஜி முடித்துவிட்டு வந்து எடுத்தால் தெளிவாக விழும்!

ஷட்டரை 1/2000 நொடிக்கு ஏற்றினேன். பயனில்லை. ஃபில்டரைக் கழற்றினேன், அதுவும் இல்லை. கடையில் ஆட்டோஃபோகஸைச் சரிசெய்து காசு வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரமும் அதே கதை.

அப்புறம்தான் தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களை வரிசையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பறவை அசையவே இல்லை. ஆனால் ஒன்றில் அலகு கூர்மை, வால் நெளிசல், அடுத்ததில் நேர்மாறு. ஃபோகஸ் தப்பினால் இப்படி இடம் மாறாது. இது கானல், சூடான காற்று அசைந்து காட்சியை நெளியவைப்பது.

குளிர்ந்த ஏரிக்கரையில் கானல் எங்கிருந்து வரும்? என் கேமரா பையிலிருந்துதான். பெட்ரோல் டேங்க் மேல் கட்டியிருந்தேன். இரண்டாம் கியரில் மலை ஏறிய இன்ஜின் சூடு முழுக்க லென்ஸுக்குள். அந்தச் சூடான காற்று, லென்ஸின் முன்னால் மாட்டும் குழல் போன்ற ஹுட்டுக்குள் தேங்கிச் சுழன்றிருக்கிறது. ஹுட்டைக் கழற்றியதும் திரையில் நெளிசல் பாதி அடங்கியது.

இப்போது பை பின்சீட்டில். போய்ச் சேர்ந்ததும் மூடியும் ஹுட்டும் இல்லாமல் லென்ஸை அரை மணி நேரம் வெளியே வைக்கிறேன். டீ முதலில், படம் பிறகு.