தெம்புக்குக் குளுக்கோஸ்: ரத்தக்குழாய் செல்களின் முதுமையில் நாம் போடும் தப்புக் கணக்குகள்

வேலூரில் சித்திரை வெயில் ஏறிவிட்டால், களைப்பு என்று உட்கார்ந்தவர் கையில் முதலில் கொடுப்பது குளுக்கோஸ் தண்ணீர்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள்கூட "கொஞ்சம் தெம்பு வரட்டும்" என்று குடித்துவிடுகிறார்கள். முதுமை என்றால் உடம்பில் ஆற்றல் தீர்ந்துபோவது, ஆற்றலை ஊற்றினால் முதுமை தள்ளிப்போகும் என்கிற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியல் செல்கள் விஷயத்தில் இந்த நம்பிக்கை பெரிய தவறு.

முதுமையடைந்த செல் செத்துப்போவதில்லை. பிரிந்து பெருகுவதை நிறுத்திவிடும், ஆனால் தின்பதை நிறுத்தாது. ஈர விறகு வைத்த அடுப்பு மாதிரி, எரிபொருளும் நிறைய செலவாகும், புகையும் பக்கத்து வீடு வரை போகும். இந்தச் செல்கள் வெளியே விடும் அழற்சிப் பொருள்கள் நல்ல நிலையில் உள்ள அண்டைச் செல்களையும் கெடுக்கின்றன.

சர்க்கரை இதில் எப்படி நுழைகிறது? தசைச் செல்லில் குளுக்கோஸ் பெருமளவு உள்ளே போக இன்சுலின் வேண்டும். எண்டோதீலியல் செல் இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் செல்லுக்குள்ளும் ஏறும். அப்போது மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர்ஆக்சைடு என்ற, செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் வடிவம் அதிகம் உண்டாகிறது என்று மைக்கேல் பிரவுன்லீ 2001-இல் விளக்கினார். அது ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை வீணாக்குகிறது, டி.என்.ஏ-வையும் சேதப்படுத்துகிறது. சேதம் கூடக்கூட, பி21, பி16 போன்ற புரதங்கள் செல்பிரிவை நிறுத்திவிடுகின்றன. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது: மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கினால் குளுக்கோஸ் உடனே கொடுக்கத்தான் வேண்டும். மற்றபடி வெயிலுக்குத் தண்ணீரும் நீர்மோரும் போதும்.

அடுத்த தவறு பள்ளிப் பாடத்திலிருந்து வருகிறது. மைட்டோகாண்ட்ரியாதான் செல்லின் ஆற்றல் நிலையம் என்று படித்ததை எல்லாச் செல்லுக்கும் அப்படியே பொருத்திவிடுகிறோம். ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் பக்கத்திலேயே ஓடினாலும், எண்டோதீலியல் செல் தன் ஏ.டி.பி-யில் (செல்லின் ஆற்றல் நாணயம்) பெரும்பகுதியை, சுமார் 85 சதவீதம் வரை, கிளைகாலிசிஸ் வழியாகவே, அதாவது ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்து, எடுத்துக்கொள்கிறது. இங்கே மைட்டோகாண்ட்ரியாவின் முக்கிய வேலை சமிக்ஞை அனுப்புவது. அதனால் "மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சக்தி" என்று விற்கும் மாத்திரையை வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளும் அப்படித்தான். 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நாலரை ஆண்டு வைட்டமின் ஈ அல்லது மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை.

காட்பாடி, பாகாயம் பக்கம் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த எண்டோதீலியல் செல்லை வளர்க்கும்போது, அது வளரும் ஊடகத்தில் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறது என்று பாருங்கள். 5.5 மில்லிமோலார் என்றால் டெசிலிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம், ஆரோக்கியமானவரின் அளவு. 25 மில்லிமோலார் என்றால் 450 மில்லிகிராம், கட்டுப்பாடே இல்லாத நீரிழிவு. அதில் வளர்த்துவிட்டு "இயல்பான செல்" என்று எழுதுவது எப்படிச் சரியாகும்? அதிகக் குளுக்கோஸின் விளைவைச் சோதித்தால், அதே அடர்வில் மானிட்டால் (செல் எளிதில் உள்ளிழுக்காத ஒரு சர்க்கரை ஆல்கஹால்) போட்ட ஒரு தட்டும் வேண்டும். இல்லாவிட்டால் சவ்வூடு அழுத்தத்தின் விளைவைச் சர்க்கரையின் விளைவென்று நினைத்துவிடுவீர்கள். செல்லின் செயல்பாட்டை நிறமாற்றத்தால் அளக்கும் எம்.டி.டி சோதனையை மட்டும் நம்புவதும் ஆபத்து. அது காட்டுவது வளர்சிதை மாற்றத்தை, எண்ணிக்கையை அல்ல. முதுமையடைந்த செல் பெரிதாகி நன்றாகவே நிறம் காட்டும், அதைப் பார்த்து செல்கள் பெருகிவிட்டன என்று தோன்றும். செல்களை எண்ணுங்கள், முதுமையடைந்த செல்லை அடையாளம் காட்டும் பீட்டா-காலக்டோசிடேஸ் சாயமும் போடுங்கள். அப்புறம், தட்டில் பலமுறை பிரிந்து ஓய்ந்த பச்சிளங் குழந்தையின் செல்லும் அறுபது வயதுக்காரரின் தமனியும் ஒன்றல்ல என்பதையும் முடிவுரையில் எழுதுங்கள்.

நம் பக்கம் அதிகம் கவனிக்கப்படாத தவறு, அசையாமல் உட்காருவது. குடியாத்தத்தில் பீடி சுற்றுபவர்களும் ஆம்பூரில் ஷூ தைப்பவர்களும் மணிக்கணக்கில் கால் மடக்கியோ தொங்கவிட்டோ இருக்கிறார்கள். சீரான ரத்த ஓட்டம் எண்டோதீலியல் செல்லை உரசும்போது கே.எல்.எஃப்2 என்ற புரதம் கூடி, கிளைகாலிசிஸின் வேகத்தை அடக்கிச் செல்லை அமைதிப்படுத்துகிறது. உட்கார்ந்தே இருந்தால் கால் தமனியில் அந்த உரசல் குறைந்துவிடும். தொடர்ந்து 3 மணி நேரம் உட்கார்ந்தவர்களின் கால் தமனி விரியும் திறன் குறைந்ததையும், மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் நடந்தவர்களுக்கு அது குறையாததையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் கோட்டையைச் சுற்றி நடப்பது நல்லதுதான். ஆனால் அதுவரை எழுந்திருக்காமல் இருக்க வேண்டாம். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, மணிக்கு ஒருமுறை தெருமுனை வரை போய்வாருங்கள்.