மலிவு நெட்புக் வாங்கப் போகிறீர்களா? முதலில் கழற்ற முடியாததைப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் விலையைப் பார்த்து மயங்கி ஒரு நெட்புக், அதாவது மலிவான குட்டி லேப்டாப், வாங்கினேன். 11.6 இஞ்ச் திரை, கையில் எடுத்தால் நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும், உள்ளே 32 ஜிபி ஸ்டோரேஜ். இரண்டாவது மாதமே விண்டோஸில் பெரிய அப்டேட் ஒன்று வந்தது, இறக்க இடமில்லை. இருந்த படங்களை எல்லாம் அழித்தேன், அப்பவும் போதவில்லை, கடைசியில் பென் டிரைவைச் செருகி ஒரு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டித்தான் முடித்தேன். சரி, ஸ்டோரேஜையே மாற்றிவிடலாம் என்று அடிமூடியைக் கழற்றினால் மாற்றுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. ரேம், ஸ்டோரேஜ் எல்லாம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே கணக்குதான். விலையைப் பார்க்கும் முன், வாங்கிய பிறகு எதை மாற்றவே முடியாது என்று பார்ப்பேன். கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

படி 1: தேடும் சொல்லை மாற்றுங்கள்

நெட்புக் என்று தேடினால் பழைய சரக்குதான் அதிகம் வரும். 2007-இல் ஆசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி 7 இஞ்ச் திரையோடு வந்து இந்த அலையைத் தொடங்கி வைத்தது, அடுத்த வருடம் இன்டெலின் ஆட்டம் சிப் வந்ததும் எல்லா கம்பெனியும் இறங்கினார்கள், 2013 வாக்கில் அலை ஓய்ந்துவிட்டது. அந்தக் காலத்து மெஷின்கள் இன்னமும் செகண்ட் ஹேண்டில் விற்கின்றன. அவற்றில் பரவலாக இருந்த ஆட்டம் என்270 வெறும் 32 பிட் சிப், இன்றைய பிரவுசர்களுக்கு அது சரிப்படாது. ஆசைக்கு வாங்கி அலமாரியில் வைக்கலாம், வேலைக்கு வேண்டாம்.

அதனால் இப்படித் தேடுங்கள்: 11.6 இஞ்ச் லேப்டாப், குரோம்புக் (விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடுவது), ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்பது) 12.5 இஞ்ச் லேப்டாப். இந்த மூன்றும்தான் இன்றைய நெட்புக்.

படி 2: ரேமும் ஸ்டோரேஜும்

இந்தப் படியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். குறைந்தபட்சம் என்றால் ஓடும் என்று அர்த்தம், நன்றாக ஓடும் என்று அர்த்தமில்லை. 4 ஜிபியில் பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்து வைத்துவிட்டு ஒரு வீடியோ காலுக்குள் போய்ப் பாருங்கள், மெஷின் திணறுவது கண்ணுக்குத் தெரியும். விண்டோஸ் என்றால் 8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ், அதற்குக் கீழே போகாதீர்கள். ரேம் தனி ஸ்லாட்டில் இருந்தால் மட்டும் 4 ஜிபி மாடலை யோசிக்கலாம், பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டோரேஜில் அளவைவிட வகை முக்கியம். மலிவு மெஷின்களில் இஎம்எம்சி என்று ஒன்று இருக்கும், ஃபோன்களில் போடுகிற ரகம், போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதன் உச்ச வேகம் காகிதத்திலேயே நொடிக்கு 400 எம்பிதான். லேப்டாப்புக்கென்று வரும் ஸ்டோரேஜான எஸ்எஸ்டியில், பழைய ரகமான சாட்டாவே 500-ஐத் தாண்டும், புதிய ரகமான என்விஎம்இ அதைவிடப் பல மடங்கு வேகம். எஸ்எஸ்டி பெரும்பாலும் கழற்றி மாற்றக்கூடியது என்பதுதான் எனக்கு அதைவிட முக்கியம்.

ஒரு தந்திரம் நடக்கும், கவனியுங்கள். விளம்பரத்தில் 1 டிபி ஸ்டோரேஜ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் 64 ஜிபி மெஷினில், மிச்சமெல்லாம் ஒரு வருட கிளவுட் (இணையச் சேமிப்பு) சந்தா. அந்தச் சந்தா முடிந்ததும் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே பெயரில் ஐந்தாறு வகை விற்பார்கள் என்பதால், முழு மாடல் எண்ணை எடுத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு ரேம் சால்டரா (பற்றவைத்ததா) ஸ்லாட்டா (கழற்றக்கூடியதா) என்று பார்த்துவிடுங்கள். அங்கே தெளிவாக இல்லையா, அந்த மாடலைக் கழற்றிக் காட்டும் வீடியோ ஒன்று நிச்சயம் யாராவது போட்டிருப்பார்கள்.

படி 3: பிராசஸர்

பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். இன்டெலின் செலரான் என்4020-இல் 2 கோர்தான் (கோர் என்றால் சிப்புக்குள் வேலை செய்யும் பகுதி), இன்றைக்கு அது மிகவும் மெதுவு, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் தொட மாட்டேன். 2023-இல் வந்த இன்டெல் என்100-இல் 4 கோர், மின்சாரமும் கொஞ்சமாகத்தான் குடிக்கும், மலிவு விலையில் இப்போதைக்கு நான் கைகாட்டுவது அதைத்தான். 2.8 அல்லது 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை என்று எழுதியிருப்பதில் அந்த 'வரை' என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள், அந்த வேகம் கொஞ்ச நேரத்துக்குத்தான் நிற்கும்.

படி 4: திரையும் கீபோர்டும்

1366 × 768 திரை சின்ன அளவில் பரவாயில்லை. ஆனால் டிஎன் என்ற மலிவு ரகப் பேனலாக இருந்தால் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறிவிடும், ஐபிஎஸ் என்ற நல்ல ரகம் கிடைத்தால் அதை எடுங்கள். கீபோர்டை முடிந்தால் நேரில் தட்டிப் பாருங்கள், வலது ஷிஃப்ட்டைச் சுருக்கி வைத்த மெஷினில் டைப் செய்து நான் பட்ட பாடு போதும்.

படி 5: குரோம்புக் என்றால் காலாவதி தேதி

ஒவ்வொரு குரோம்புக்குக்கும் அப்டேட் நிற்கிற தேதி ஒன்று உண்டு, கூகுள் தன் உதவிப் பக்கத்தில் மாடல்வாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறது. 2021-இலிருந்து வந்தவற்றுக்கு 10 வருடம். ஆனால் அது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை, அந்த மெஷினின் அடிப்படை வடிவம் வெளியான நாளிலிருந்து எண்ணுவது. பாதி விலைக்குக் கொடுக்கிறார்களே என்று சந்தோஷப்படும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள், பாதி ஆயுள் ஏற்கெனவே போயிருக்கலாம்.

படி 6: அதே காசுக்கு ரீஃபர்பிஷ்டு

உண்மையைச் சொன்னால் நான் முதலில் தேடுவதே இதைத்தான். பெரிய ஆபீஸ்கள் மூன்று நான்கு வருடத்தில் லேப்டாப்பை மொத்தமாக மாற்றிவிடும், அவை துடைத்துச் சுத்தம் செய்யப்பட்டு விற்பனைக்கு வரும். டெல் லாட்டிட்யூட் 7290, லெனோவோ திங்க்பேட் எக்ஸ்280 மாதிரி 12.5 இஞ்ச் மெஷின்கள் இந்த வகை. கீபோர்டு, கீல், உடல் எல்லாமே மலிவுப் புதுசைவிட ஒரு படி மேல். லாட்டிட்யூடில் ரேமை மாற்றலாம், எக்ஸ்280-இல் முடியாது, அதனால் எக்ஸ்280 என்றால் 8 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள்.

இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டுக்கொள்வேன் என்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, பழைய தலைமுறையை இன்னும் மலிவாக அள்ளலாம்.

விற்பவரிடம் மூன்று கேள்வி: பயாஸ் (மெஷின் தொடங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்பு) பாஸ்வேர்டு எடுத்தாகிவிட்டதா, பழைய நிறுவனம் மெஷினைத் தன் கட்டுப்பாட்டில் வைக்கப் போட்ட நிர்வாகப் பூட்டு நீங்கியதா, சார்ஜர் ஒரிஜினலா. இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். பூட்டு எடுக்காத குரோம்புக்கை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அந்த நிறுவனத்தின் லாகினையே கேட்கும்.

படி 7: விலை

அடித்துக் காட்டும் பழைய விலையைக் கண்டுகொள்ளாதீர்கள், அந்த விலைக்கு அது ஒரு நாளாவது விற்றதா என்பதே சந்தேகம். அமேசானில் என்றால் கீப்பா, கேமல்கேமல்கேமல் மாதிரி தளங்களில் விலை ஏறி இறங்கிய வரைபடத்தைப் பார்த்து, முந்தைய அடிமட்ட விலையைக் குறித்துக்கொண்டு, அதன் பக்கத்தில் வந்தால் தகவல் வருமாறு வைத்துவிடுங்கள். அப்புறம் சும்மா இருங்கள். காத்திருக்க முடியாமல் முதல் நாளே வாங்குகிறவர்களை நம்பித்தான் 'இன்னும் இரண்டே மணி நேரம்' என்ற சிவப்புக் கடிகாரம் ஓடுகிறது.

படி 8: பெட்டி வந்ததும்

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு கீ, ஒவ்வொரு போர்ட், கேமரா, மைக், வைஃபை. விண்டோஸ் உண்மையிலேயே ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். எஸ் மோடு என்ற கட்டுப்படுத்தப்பட்ட விண்டோஸில் வந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள ஆப்கள் மட்டும்தான் ஏறும், காசில்லாமல் அதிலிருந்து வெளியேறலாம், ஆனால் திரும்பி உள்ளே போக முடியாது.

பழைய மெஷின் என்றால் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள், கமாண்ட் விண்டோவில் ஒரே வரி, இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுசாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்குக் கீழே இருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கேட்டு மெஷின் விலையோடு கூட்டுங்கள், அப்பவும் கட்டுப்படியாகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அன்றைக்கே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.